மடக்குக் கத்தி: கம்பத்திலிருந்தும் குமுளியிலிருந்தும் வந்த கேள்விகள்

பேனாக்கத்தி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும், கம்பம், கூடலூர் பக்கமிருந்தும் மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேட்டிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஏலக்காய் மூட்டையின் சணலை அறுப்பது முதல் மாம்பழம் நறுக்குவது வரை எனக்குச் சட்டைப்பையில் கிடக்கும் ஒரே கத்திதான். கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூடலூர், திராட்சைத் தோட்டக்காரர்: அண்ணே, கார்பன் ஸ்டீல் கத்தி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. அலகு முழுக்கக் கறுத்துப்போச்சு. நுனிப்பக்கம் செம்பு நிறத்துல திட்டு வேற. எல்லாம் துருதானா?

கறுப்பு வேறு, செம்பு வேறு. நெல்லிக்காய், மாவடு, எலுமிச்சை எதை நறுக்கினாலும் கார்பன் ஸ்டீல் கறுக்கத்தான் செய்யும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். அந்தப் படலம் இருந்தால் துரு கொஞ்சம் நிதானமாகத்தான் பிடிக்கும். துடைத்தால் துணியில் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டுகிறதே, அதுதான் துரு.

செம்புத் திட்டுக்கு வருவோம். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்துப் பூஞ்சை நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கத்தியை முக்கியிருப்பீர்கள், சரிதானே? மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் அலகின்மேல் படிய, அதற்கு ஈடாக அந்த இடத்து இரும்பு கரைந்து போகிறது. திட்டைச் சுரண்டினால் அடியில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழி தெரியும். நூறு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்று அளந்து போட்டாலும், சுண்ணாம்பு பழசாக இருந்தால் பத்தாமல் போகும். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு கேட்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு ஒரு பழைய அரிவாளோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஆணியோ போதும். எவர்சில்வர் கத்தியை மட்டும் முக்காதீர்கள். அதில் செம்பு படியாது; கலவை சரியென்று நம்பி அடித்தால் இலை கருகிவிடும். மயில்துத்தம் பட்ட கத்தி இனி தோட்டத்தோடு இருக்கட்டும், பழம் நறுக்க வேண்டாம்.

வண்டன்மேடு, ஏலத்தோட்ட மேற்பார்வையாளர்: மழைக்கு எந்தக் கத்தி தாங்கும்? ஒப்பினெல் மேல ஒரு ஆசை இருக்கு.

ஆசை நியாயமானதுதான். 1890 முதல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியிலிருந்து வருகிற கத்தி, அலகு மெல்லிசு, வெட்டு சுகம். ஆனால் பிடி மரம். ஈரத்தில் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் பின்முனையை எதிலாவது தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும். உங்கள் மழைக்கு அது சரிப்படாது. பிளாஸ்டிக் பிடி போட்ட விக்டோரினாக்ஸ் மாதிரி எவர்சில்வர் கத்தியை வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பினெல்லை வீட்டில் வையுங்கள்.

குமுளி, மசாலாக் கடை நடத்தும் அக்கா: கீலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுவேன் தம்பி. மார்கழி வந்தா திறக்கவே மாட்டேங்குது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், அக்கா. உங்கள் ஊர் மார்கழிக் காலைக்கு அது தாராளமாக உறையும். போதாததற்கு, நாள்பட்டால் காறிப்போய் ஏலக்காய்த் தூசி, சாக்கு நார், பையின் பஞ்சு எல்லாவற்றையும் இழுத்துப் பிசினாக்கிவிடும். என் அனுபவத்தில், மடக்குக் கத்தி கெடுவது பெரும்பாலும் அலகால் இல்லை, இந்தக் கீல் அழுக்கால்தான்.

வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, கத்தியை உள்ளே வைத்தே நிதானமாகப் பத்து முறை திறந்து மூடுங்கள். தண்ணீர் கலங்கி வருவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பல்குத்தும் குச்சியால் இடுக்கைச் சுரண்டி, துடைத்து, திறந்தபடியே நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தின்கிற பண்டம் நறுக்கும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. பலாப்பழம் அரியும் முன் அலகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது வேறு விஷயம், அது பால் ஒட்டாமல் இருக்க. அரிந்து முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

கம்பம்: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாளையும் வெட்டுக்கத்தியையும் கொடுங்கள், பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு, சுற்றுகிற கல்லில் நொடியில் சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அதற்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. போதாததற்கு ஒரே இழுப்பில் பல வருஷத் தேய்மானம்.

வீட்டிலேயே 1000 நம்பர் தீட்டுக்கல்லை நனைத்து, பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்த்துத் தேயுங்கள். எதிர்ப்பக்கம் விரலை விளிம்பிலிருந்து வெளிப்புறமாக இழுத்தால் பிசிர், அதாவது தீட்டும்போது மறுபக்கம் மடிந்த மெல்லிய விளிம்பு, தட்டும். தட்டியதும் திருப்பிப் போடுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்தால் பிசிர் விழுந்துவிடும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் இருக்குமே, அவசரத்துக்கு அது போதும். அட்டைப்பெட்டி அறுப்பதுதான் கூர்மையைத் தின்னும், பழமும் கயிறும் அவ்வளவு இல்லை.

போடி: பூட்டு இல்லாத கத்தி ஆபத்தா?

நறுக்க ஆபத்தில்லை. குத்தவோ நெம்பவோ போனால் விரல்மேல் மடங்கும். பூட்டு உள்ளதிலும் பூட்டிடுக்கில் பஞ்சு சேர்ந்திருந்தால் நம்ப முடியாது.

கம்பம், கல்லூரி மாணவர்: அண்ணே, செக்போஸ்ட்டில் பிடிப்பார்களா?

ஆயுத விதிகள் ஆயுதம் என்று சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை. வீட்டு, விவசாய வேலைக்கான கத்திகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்தி மட்டும் வேண்டாம் தம்பி, வீண் வம்பு. மதுரையிலோ கொச்சியிலோ விமானம் ஏறினால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.