இரண்டாம் உலகப் போரில் விமான அஞ்சல் ஏன் மாதக்கணக்கில் தாமதமானது?

விமான அஞ்சல் பாதை என்பது, எரிபொருள் நிரப்பவும் பைகளை மாற்றவும் விமானம் இறங்கிச் செல்லும் ஊர்களின் சங்கிலி. அக்காலத்து விமானங்களால் நெடுந்தூரம் நிற்காமல் பறக்க முடியாது என்பதால், இடையில் ஓர் ஊர் எதிரியின் கைக்குப் போனாலே பாதை முழுவதும் அறுந்துவிடும். ஆற்றுப்பாலம் இடிந்தால், பேருந்து நன்றாக ஓடினாலும் ஊரைச் சுற்றித்தான் போயாக வேண்டும் அல்லவா, அதுபோல.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி பிரிட்டனுக்கு அடைபட்டது. அதற்கு மாற்றாக, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொடங்கி கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாக சிட்னி வரை ஒரு பாதை அமைத்தார்கள். வரைபடத்தில் அது லாடம் போல வளைந்திருந்ததால் 'குதிரைலாடப் பாதை' என்றே பெயர் பெற்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அதன் கிழக்கு முனையும் போயிற்று.

விமானத்தில் இடமோ மிகக் குறைவு. எனவே 1941 முதல் கடிதங்களை நுண்படச் சுருளில் படம்பிடித்து, சுருளை மட்டும் அனுப்பி, சேருமிடத்தில் சிறிய தாளில் அச்சிட்டு வழங்கினார்கள். எடைச் சிக்கலுக்கு இதைவிட அழகான தீர்வு இருந்திருக்குமா என்பது ஐயமே. தணிக்கையும் நாள்களை விழுங்கியது.

'விமான அஞ்சல்' என்ற ஒட்டுத்தாள் இருந்தால் உறை வழிநெடுக வானில் பறந்தது என்று பலர் கருதுவது தவறு. குதிரைலாடப் பாதையில் சென்ற பிரிட்டன் கடிதங்கள் டர்பன் வரை கப்பலில்தான் போயின.