தேங்காய்த் தொட்டி எண்ணெய் டீசலாகுமா? பயோ ஆயில் கேள்வி பதில்

கேள்வி (காங்கயம், எண்ணெய் ஆலை): தொட்டிக்கரி சுடும்போது வடிகிற தாரையே டீசலாக்க முடியாதுங்களா?

அது வேறு, பயோ ஆயில் வேறுங்க. மரத்தூள், தொட்டி மாதிரி காய்ந்த கழிவைச் சூடேற்றி, வரும் ஆவியைக் குளிர வைத்து எடுக்கிற எண்ணெய்தான் பயோ ஆயில். கரிக்கு மெதுவாகச் சுடுகிறோம். கரி நிறைய, எண்ணெய் கொஞ்சம். பயோ ஆயிலுக்குக் காற்றுப் படாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சட்டென்று சூடேற்றி, ஆவியை 2 நொடிக்குள் குளிர வைக்க வேண்டும். காய்ந்த மரத்தூளில் 60 முதல் 75 சதவீதம் வரை நீர்மமாக வரும், தண்ணீரும் சேர்த்துத்தான்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறை): பயோ ஆயிலை டீசலில் கலந்து ஓட்டினால் என்ன?

கலக்காது, தனியாகப் பிரிந்து நிற்கும். எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்ஸிஜன். டீசலில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். அதனால் கிலோவுக்கு 16-19 மெகாஜூல்தான் சூடு, டீசலுக்கு 42க்கு மேல். புளிப்பும் வினிகர் அளவுக்கு உண்டு. நான் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் ஊற்றி வைத்து மறந்துவிட்டேன். மூடி விளிம்பு அரித்துப்போய், அடியில் ஆறின வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகிவிட்டது.

கேள்வி (பெருந்துறை, கல்லூரி மாணவி): அண்ணா, பயோ ஆயிலை எரிபொருளாக மாற்ற வினையூக்கி (கேட்டலிஸ்ட்) போடுகிறார்களே, அது என்னதான் செய்கிறது?

ஆக்ஸிஜனைப் பிரித்து வெளியே தள்ளுகிறதும்மா. இரண்டு வழி. ஆவியாக இருக்கும்போதே இசட்.எஸ்.எம்-5 என்கிற ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) வழியே விட்டால், அரை நானோமீட்டர் அளவுத் துளைகளுக்குள் பிணைப்பு உடைந்து பென்சீன், டொலுவீன் வகைகள் கிடைக்கும். ஆனால் ஆக்ஸிஜன் சும்மா போவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகப் போகும்போது கார்பனையும் இழுத்துக்கொண்டு போகிறது, எண்ணெய் அளவு குறைகிறது. கரியும் படியும். வெள்ளைக் குச்சியாகப் போட்ட வினையூக்கியை எடுத்து முறித்துப் பார், நடு வரைக்கும் கறுத்திருக்கும். காற்று விட்டுச் சுட்டால் மறுபடி வெளுக்கும், பழைய வீரியம் முழுசாக வராது.

இன்னொன்று, கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வைத்து உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றுவது. ஆக்ஸிஜன் பெரும்பாலும் தண்ணீராகப் போவதால் கார்பன் மிஞ்சும். ஆனால் எடுத்தவுடன் 350 டிகிரிக்கு ஏற்றினால் எண்ணெயே இறுகிக் குழாயை அடைத்துவிடும். முதலில் குறைந்த சூட்டில் நிலைப்படுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஹைட்ரஜன் செலவுதான் கையைக் கடிக்கும்.

கேள்வி (நாமக்கல்): கோழிப்பண்ணைக்கு மூட்டையில் விற்கிற ஜியோலைட் ஆகுமா?

ஆகாதுங்க. அது அம்மோனியா வாடையைப் பிடிக்கிற இயற்கைக் கல். இது அமிலத்தன்மையோடு செயற்கையாகத் தயாரித்தது.

கேள்வி (அவிநாசி): பருத்திமாரில் எண்ணெய் குறைவாக வருகிறதே?

சாம்பலில் இருக்கும் பொட்டாசியத்தின் வேலை. ஆவியை வாயுவாகவும் கரியாகவும் திருப்பிவிடும், வினையூக்கியில் ஏறினால் அதன் அமில இடங்களையும் கெடுக்கும். தண்ணீரில் அலசினால் ஓரளவு போகும். ஆனால் திரும்ப 10 சதவீத ஈரத்துக்குக் கீழே காயப்போட வேண்டுமே, அந்தப் பாடு இருக்கிறது.

கேள்வி (அதே சாயப்பட்டறை): அப்போ எங்களுக்கு வழியே இல்லையா?

டீசலாக்கும் எண்ணத்தை விடுங்க, பாய்லரில் அப்படியே எரிக்கலாம். பம்பு, குழாய், பர்னர் முனை எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். இளக்குவதற்குச் சூடேற்றினால் 80 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பாய்லரை நிறுத்தி, முனை ஆறின பிறகு ஆல்கஹால் விட்டுக் கழுவுங்க. ஒரு ராத்திரி விட்டால் காலையில் அடைத்துக்கொண்டு நிற்கும்.