காசுமாலையில் ஒரு வெனிஸ் காசு: பழைய ஐரோப்பியத் தங்கக் காசுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் காசுமாலையில் ஒரு காசு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. ஒருவர் மண்டியிட்டு ஒரு கம்பைப் பிடித்திருக்கிறார், எதிரே இன்னொருவர் நிற்கிறார். இது என்ன காசு?

பதில்: அநேகமாக இத்தாலியின் வெனிஸ் நகரத்து டுக்காட் என்ற தங்கக் காசு. இல்லையென்றால் அதைப் பார்த்து நம் ஊரில் அடித்தது. மண்டியிட்டிருப்பவர் வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜ். கொடிக்கம்பைக் கொடுப்பவர் புனித மாற்கு. பின்பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே இயேசு. 1284இல் வந்த இந்த வடிவம், 1797இல் வெனிஸ் குடியரசு விழும்வரை பெரிதாக மாறவே இல்லை. எடை சுமார் மூன்றரை கிராம், ஏறக்குறைய சொக்கத்தங்கம். உரசிப் பார்க்காமலே வாங்கலாம் என்ற பெயர் இருந்ததால்தான் மிளகு வியாபாரத்தோடு இங்கே வந்து குவிந்தது. தெற்கே அந்தக் கம்பைப் பனைமரமாகவும் டோஜைப் பனையேறியாகவும் பார்த்துச் ‘சாணார் காசு’ என்றார்கள். மராத்தியில் ‘புதலி’.

லென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள். டோஜின் பெயர் எழுத்தெழுத்தாகப் படிக்க வந்தால் நல்ல அறிகுறி. எழுத்து மாதிரி வெறும் கோடும் புள்ளியுமாக இருந்தால் உள்ளூர் ஆசாரி அடித்தது. அதையும் மட்டமாக நினைக்காதீர்கள், அதையே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

கேள்வி: அதில் வருடமே காணோமே?

பதில்: இருக்காது. டோஜின் பெயரை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். கடைசி டோஜ் லுடோவிக்கோ மானின் (1789–97) காசுகள் நிறையக் கிடைக்கும். நிக்கோலோ டோனா 1618இல் ஒரு மாதம்தான் பதவியில் இருந்தார். அவர் பெயர் தென்பட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் போலியா என்று பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே தண்ணீரில் எடை போட்டுச் சோதிக்கலாமா?

பதில்: முறை சரி, தராசுதான் பிரச்சினை. 3.49 கிராம் டுக்காட் தண்ணீருக்குள் சுமார் 0.18 கிராம் குறைவாகக் காட்டும். 3.49ஐ 0.18ஆல் வகுத்தால் 19 சொச்சம், அதாவது சுத்தத் தங்கத்தின் அடர்த்தி. அதே 0.20 என்று காட்டினால் 17.5க்கு இறங்கி 22 காரட் போலத் தெரியும். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் இந்த வித்தியாசமே இரண்டு இலக்கம்தான், காசில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழி போதும் கணக்கைக் கெடுக்க. மில்லிகிராம் தராசு உள்ள நகைக்கடையில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கிலாந்து கினி காசில் ராஜா தலைக்குக் கீழே குட்டி யானை. இந்தியாவுக்காக அடித்ததா?

பதில்: எல்லோருக்கும் வரும் சந்தேகம். அது ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் சின்னம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த தங்கம் என்று அர்த்தம். 1663இல் தொடங்கிய காசுக்கு ‘கினி’ என்ற பெயரே அந்தக் கடற்கரையிலிருந்து வந்ததுதான். அடிமை வியாபாரம் செய்த கம்பெனி அது. யானை அழகாக இருக்கிறது என்று வாங்குபவர்கள் இதையும் தெரிந்து வாங்கட்டும்.

கேள்வி: வளையம் எடுத்த தழும்பு இருந்தால் விலை குறையுமா?

பதில்: நன்றாகவே குறையும். நான் முதலில் வாங்கிய டச்சு டுக்காட்டில், அதில் நிற்கும் வீரனின் தலைக்கு மேலே விளிம்பு லேசாக வழவழப்பாக இருந்தது. தேய்மானம் என்றார் விற்றவர், நானும் நம்பினேன். வீட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அரம் ஓடிய கோடுகள்! பற்றவைத்த வளையத்தை எடுத்துவிட்டு ராவியிருக்கிறார்கள். அதிலிருந்து பன்னிரண்டு மணி இடத்தைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

கேள்வி: அந்த டச்சு டுக்காட் எல்லாம் நெதர்லாந்தில் அடித்ததுதானே?

பதில்: இல்லை. 1735 முதல் 1868 வரை ரஷ்யாவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதே வடிவில் ரகசியமாக அடித்தது.

கேள்வி: புளி போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்.

கேள்வி: தாத்தா வைத்துவிட்டுப் போன வெனிஸ் காசை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?

பதில்: முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பதென்றால் இங்கேயே விற்கலாம். அப்புறம், தோண்டும்போது மண்ணில் கிடைத்தது என்றால் கதையே வேறு. கலெக்டருக்குத்தான் முதலில் தகவல் கொடுக்க வேண்டும்.