விரதம் இருந்தால் ஆட்டோஃபேஜி நடந்து நுரையீரல் ரத்தக்குழாய் நோய் சரியாகுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அக்காவுக்கு பல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீண்ட விரதம் இருந்தால் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும், ரத்தக்குழாய் தானாகச் சரியாகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். மரபணுவால் வருகிற நோய் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

விரதத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். என் சித்திக்கும் இதே நோய் என்பதால் எக்கோ ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் எனக்குப் பழக்கம்.

அந்த யூடியூப் ஆள் ஆட்டோஃபேஜி பற்றிச் சொல்வது பொய் இல்லை. செல்லுக்குள் பழுதான புரதங்கள், செல்லுக்கு ஆற்றல் தந்து ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சவ்வு அவற்றைச் சுற்றி வளைத்துப் பையாக்கி, லைசோசோம் என்ற, அமிலம் நிறைந்த செரிமானப் பையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே கரைந்து, அமினோ அமிலங்களாக மறுபடி செல்லின் உபயோகத்துக்கு வரும். 1963ல் இதற்குப் பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டூவ். இதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் கிடைத்தது. உடனே நம் ஊர் வாட்ஸ்அப்பில் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் நோபல் கிடைத்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்ட்டை. மனுஷனை இல்லை.

ஆட்டோஃபேஜியைக் கூட்டுவதும் குறைப்பதும் மரபணுக்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செல்லுக்குச் சாப்பாடு தாராளமாக இருக்கும்போது எம்டார் என்ற புரதம், டி.எஃப்.இ.பி. என்ற இன்னொரு புரதத்தை உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியே பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் எம்டார் அடங்கும், டி.எஃப்.இ.பி. உள்ளே போய் லைசோசோமுக்கும் ஆட்டோஃபேஜிக்கும் வேண்டிய பல மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கிவிடும். விரத வீடியோக்காரர்கள் சொல்வது இந்த ஒரு வழியைத்தான். ஆக்ஸிஜன் குறைந்தாலும் இது நடக்கும், ஆனால் வேறு வழியாக: ஹிஃப்-1 என்ற புரதம் பி.என்.ஐ.பி.3 மரபணுவைத் தூண்டி, மைட்டோகாண்ட்ரியாக்களைக் கரைக்க வைக்கும். இதற்கெல்லாம் மேலே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி மூலக்கூறுகள் வேறு, மரபணு அனுப்பும் செய்தியைப் பாதியிலேயே மடக்கும். எந்தச் செல்லில் எது ஓங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

இப்போது நோய்க்கு வருவோம். நுரையீரல் தமனிகளில் ரத்த அழுத்தம் ஏறிவிடுவதுதான் பல்மனரி ஹைப்பர்டென்ஷன். நுரையீரலின் சின்னத் தமனிகளில் உட்பக்கம் மெல்லிய எண்டோதீலியச் செல்கள், அதைச் சுற்றித் தசைச் செல்கள். இந்த நோயில் தசைச் செல்கள் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே போகின்றன. குழாய் குறுகுகிறது, வலது இதயம் முக்கித் தள்ளிக் களைத்துப்போகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி.யில் இது தெரியவே தெரியாது. எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், சந்தேகம் வரும். வலது இதயத்துக்குள் குழாய் விட்டு அளந்து, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால்தான் உறுதி.

இந்தச் செல்களுக்கு ஆட்டோஃபேஜி நல்லதா கெட்டதா? இங்கேதான் விஷயம் சுவாரசியம். ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய எல்.சி.3பி மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் வைத்தபோது, சாதாரண சுண்டெலிகளைவிட நோய் மோசமாக வந்தது. அப்படியானால் ஆட்டோஃபேஜி காப்பாற்றுகிறது. ஆனால் 2013ல் வந்த இன்னொரு ஆய்வில், மோனோகுரோட்டலின் கொடுத்து நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் குளோரோகுயின் கொடுத்தார்கள். மலேரியாவுக்குக் கொடுத்த அதே மருந்துதான். அது லைசோசோமை முடக்கி ஆட்டோஃபேஜியைத் தடுக்கும். நோய் கூடியிருக்க வேண்டுமே? குறைந்தது! (மோனோகுரோட்டலின் என்பது நம் ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூக்கிற கிலுகிலுப்பை இனச் செடிகளில் இருக்கும் நஞ்சு. யாராவது மூலிகை என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.)

காரணம் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணு. குடும்பத்தில் தொடரும் வகை நோய்க்கு இதுதான் முக்கியக் காரணம் என்று 2000ல் தெரிந்தது. அதிலிருந்து உருவாகும் புரதம் தசைச் செல்லின் மேல் உட்கார்ந்து, பெருகாதே என்று அடக்கி வைக்கும். மரபணுவின் ஒரு பிரதி கெட்டுப்போனவர்களுக்கு இந்தப் புரதம் ஏற்கெனவே குறைவு. இருக்கிற கொஞ்சமும் லைசோசோமுக்குப் போய்க் கரைந்தால் என்ன மிஞ்சும்? பழைய இரும்புக்காரரிடம் உடைந்த வாளியோடு நல்ல பித்தளைக் குடத்தையும் தூக்கிப் போட்ட கதைதான். குளோரோகுயின் அந்தக் குடத்தைக் காப்பாற்றியது.

அதற்காக மருந்துக் கடையில் குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கேட்டு நிற்காதீர்கள். எலியில் பார்த்தது எலிக்கு. அந்த மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். இன்னொரு சிக்கல், ஆட்டோஃபேஜியைத் தூண்டும் ரேப்பமைசின் என்ற மருந்தும் ஆக்ஸிஜன் குறைவால் வரும் நோயைச் சுண்டெலிகளில் மட்டுப்படுத்தியது. அது எம்டாரை அடக்குவதால் செல் பெருக்கமும் நின்றுவிடுகிறது. இப்படி எதிரும் புதிருமாக இருக்கிற ஒன்றை, இட்லியை விட்டுவிட்டு வெந்நீர் குடித்தால் சரியாகும் என்று கேமரா முன் உட்கார்ந்து சொல்வதற்கு நிறைய துணிச்சல் வேண்டும். பட்டினி கிடந்தால் அக்காவின் கல்லீரல் செல்லுக்கும் நுரையீரல் தமனிச் செல்லுக்கும் தனித்தனியாகக் கட்டளை போகாது.

ஆபத்தும் உண்டு. இந்த நோயாளிகள் பெரும்பாலும் நீர் மாத்திரை எடுப்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் சில்டெனாஃபில், டடலாஃபில், போசென்டான் போன்ற மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். இதன்மேல் தண்ணீர்கூடக் குடிக்காமல் கந்தசஷ்டி, ஆடி என்று கடும் விரதம் இருந்தால் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். சித்தி இப்போது கோயிலுக்குப் போகிறார், பிரசாதமும் சாப்பிடுகிறார், மாத்திரையும் போடுகிறார். அம்மனுக்கு இதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

மரபணு பற்றிக் கேட்டீர்கள். பி.எம்.பி.ஆர்.2 கோளாறு இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெண்களில் சுமார் 42 சதவீதம், ஆண்களில் சுமார் 14 சதவீதம் என்று ஒரு கணக்கு. அதோடு, இந்த நோய் எல்லாமே மரபணு வகை இல்லை. இடது இதயக் கோளாறு, வால்வு, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலில் தங்கிவிட்ட ரத்தக் கட்டி என்று காரணம் பல. கட்டி என்றால் அறுவை சிகிச்சையில் எடுக்கக்கூட முடியும். ஆகவே அக்காவுக்கு எந்த வகை என்று கேட்பதுதான் முதல் கேள்வி. சீட்டில் எழுதவில்லை என்றால் கோரிமேடு ஜிப்மர் மாதிரி இதயநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் கேளுங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், டிராஃபிக் தயவு பண்ணினால்.

மரபணு வகை என்றாலும் கைவிரித்துவிட வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டாடர்செப்ட், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மரபணுவைத் தொடாமல், செல்லைப் பெருகச் சொல்லும் ஆக்டிவின் புரதங்களைப் பிடித்துவைத்து, பி.எம்.பி.ஆர்.2 பக்கம் இழந்த சமநிலையைக் கொஞ்சம் மீட்கிறது. வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நோய் எந்த வகை, ரத்தக் கட்டி இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாகிவிட்டதா, உடன்பிறந்தவர்களுக்குச் சோதனை வேண்டுமா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விரதம் பற்றியும் கேட்டுவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.