விமானி படிப்பில் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

வணிக விமானி உரிமத்துக்குப் படிக்கிறீர்கள், ஏர் நேவிகேஷன் தாளில் பூமியின் வடிவம், அட்சரேகை, தீர்க்கரேகை வரும் முதல் பகுதியே பிடிபடவில்லை, சூத்திரங்கள் மறுநாளே மறந்துபோகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தத் தாளை எழுதித் தேறியவன். சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. சிறுவயதில் அதைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. எனக்கு இந்தப் பாடம் எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. பயிற்சித் தேர்வில் ஒரு கேள்வி: 34 டிகிரி வடக்கு அட்சரேகையிலேயே, 74 கிழக்கிலிருந்து 77 கிழக்கு வரை போனால் எத்தனை நாட்டிக்கல் மைல்? ஒரு டிகிரிக்கு 60 மைல், மூன்று டிகிரிக்கு 180 என்று எழுதினேன். சரியான விடை 149. காஷ்மீர் மலைகளுக்கு மேலே 31 மைல் பிசகு. 120 நாட் (மணிக்கு 120 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் போகும் சிறு விமானத்துக்கு அது கால் மணி நேரப் பறப்பு.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தபோது எங்கள் வீட்டு வளவுதான் (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றப் பகுதி) ஞாபகம் வந்தது. வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் (எங்கள் பக்கத்துச் சதுரத் தரை ஓடு) பதித்த தரை. சின்ன வயதில் அந்தக் கற்களை எண்ணித்தான் விளையாடுவோம். "தூணிலிருந்து ஏழாவது கல், நாலாவது வரிசை" என்றால் எல்லாருக்கும் இடம் தெரிந்துவிடும். இரண்டு எண், ஒரு இடம். பூமியின் அட்ச தீர்க்கரேகையும் அப்படிப்பட்ட கட்டங்கள்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பாதி சரி. ஆனால் ஆத்தங்குடிக் கல் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பூமியின் கட்டம் அப்படியில்லை. வடக்கே போகப் போக அகலம் குறைந்து, துருவத்தில் ஒரு புள்ளியாகக் கூம்பிவிடுகிறது.

நம்மூரில் இருந்துகொண்டு இது தெரிவதும் கடினம். எங்கள் பக்கத்துக் காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி 4 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 47 நிமிடம் கிழக்கு (இங்கே நிமிடம் என்பது நேரம் அல்ல, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் கட்டம் கிட்டத்தட்டச் சதுரம்தான். நான் போட்ட தப்புக் கணக்கை 10 டிகிரியில் போட்டிருந்தால் 180க்குப் பதில் 177, மூன்று மைல்தான் வித்தியாசம். தெற்கில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடிப்படை இது: டிகிரி என்பது தூரம் அல்ல, கோணம். பூமியின் மையத்தில் நின்று அளக்கிற கோணம். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மேகமில்லாத இரவில் மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பாருங்கள். கல்யாணத்தில் அருந்ததியோடு காட்டுகிற அதே துருவ நட்சத்திரம்தான். கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. காரைக்குடியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒரு முஷ்டி உயரத்தில் இருக்கும். அந்த உயரம்தான் உங்கள் அட்சரேகை (ஒரு டிகிரிக்குள் கூடக்குறைய இருக்கலாம்). டெல்லியில் பார்த்தால் மூன்று முஷ்டி. நான் இதைச் செய்துபார்த்த அன்றைக்குத்தான் அட்சரேகை வரைபடத்துக் கோடாக இல்லாமல் கோணமாகத் தெரிந்தது.

அடுத்தது நாட்டிக்கல் மைல். அட்சரேகையில் ஒரு நிமிடக் கோணம் பூமியின் மேல் பிடிக்கிற நீளம்தான் ஒரு நாட்டிக்கல் மைல், 1852 மீட்டர். விமானிகள் இன்னும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், வரைபடமே அளவுகோலாகிவிடுகிறது. திருச்சி விமான நிலையம் 10 டிகிரி 46 நிமிடம் வடக்கு, தீர்க்கரேகையில் காரைக்குடிக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. 46லிருந்து 4ஐக் கழித்தால் 42 நிமிடம், அதாவது 42 மைல், 78 கிலோமீட்டர். முடிந்தது கணக்கு. ஆனால் அளக்கும்போது கவராயத்தை வரைபடத்தின் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில்தான் வைக்க வேண்டும். கீழ் ஓரத்தில் உள்ள தீர்க்கரேகை அளவில் வைத்தால் நான் செய்த அதே தவறுதான்.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. நிலநடுக்கோட்டில் ஆரம் சுமார் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. அதனால் ஒரு நிமிடத்தின் நீளமும் நிலநடுக்கோட்டில் சுமார் 1843 மீட்டர், துருவத்தில் 1862 மீட்டர். 1852 என்பது நடுவாக எடுத்துக்கொண்ட எண். இந்தத் தட்டையை அளக்க நம் மண்ணில் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு) அளந்து தொடங்கிய நில அளவையாளர் லாம்டன், ஒரு டிகிரியின் நீளத்தைக் கண்டுபிடிக்கத் தெற்கே இறங்கி வந்தார். குன்றில்லாத சமவெளியில் தூரத்துக் குறி தெரிய வேண்டும் என்று கோவில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) மேலே இழுக்கும்போது அது மோதிச் சேதமாகி, அதை அவர் தானே உட்கார்ந்து நிமிர்த்திச் சரிசெய்திருக்கிறார். நாம் 60ஆல் பெருக்கித் தாண்டிப் போகிற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஓர் உழைப்பு இருப்பது தெரிந்தபின் எனக்கு அந்த எண் மறக்கவே இல்லை.

சரி, தீர்க்கரேகைக்கு வருவோம். 34 டிகிரியில் கிழக்கு மேற்காகப் பூமியைச் சுற்றினால் அந்த வட்டம் நிலநடுக்கோட்டு வட்டத்தைவிடச் சிறியது. எவ்வளவு சிறியது என்பதைச் சொல்வதுதான் கொசைன். கொசைன் 34 என்பது 0.829. 180 நிமிடத்தை அதால் பெருக்கினால் 149. டிபார்ச்சர் (ஒரே அட்சரேகையில் கிழக்கு மேற்குத் தூரம்) சூத்திரம் என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருப்பது இவ்வளவுதான். 60 டிகிரியில் கொசைன் சரியாகப் பாதி என்பதை மட்டும் நினைவில் வைத்தால் விடை தப்பா சரியா என்று உடனே தெரியும்.

தீர்க்கரேகைக்கு இன்னொரு முகம் நேரம். பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுகிறது, ஆகவே ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் (இது கடிகார நிமிடம்). இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கை வைத்து. நாம் அதற்கு 3.7 டிகிரி மேற்கே இருக்கிறோம், அதனால் சூரியன் உச்சிக்கு வருவது கால் மணி தாமதம். சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16 வாக்கில், சூரியன் நம் தலைக்கு நேரே வரும். அன்று வளவின் திறந்த முற்றத்தில் ஒரு உலக்கையை நேராக நிறுத்திவைத்துப் பார்த்தேன். மணி 12இல் நிழல் இருந்தது. 12.15க்கு நிழல் காலடியில் ஒடுங்கிவிட்டது. "அது வருசா வருசம் அப்படித்தான்டா" என்றார் அப்பத்தா. என் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரே உலக்கையில் தெரிந்த அந்தக் கணம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடைசியாகப் பெருவட்டம். உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையம் வழியாக வெட்டுகிற வட்டத்தின் வில். 2021 ஜனவரியில் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவப் பகுதி வழியாக வந்தது. ஏன் துருவம்? தீர்க்கரேகைகளைப் பாருங்கள்: ஒன்று சுமார் 122 மேற்கு, மற்றது சுமார் 78 கிழக்கு. இரண்டையும் கூட்டினால் 200, மறுபக்கமாக எண்ணினால் இடைவெளி 160 டிகிரி, கிட்டத்தட்டப் பூமியின் எதிரெதிர்ப் பக்கம். அப்படி இருந்தால் குறுக்குவழி துருவத்துக்குப் பக்கமாகத்தான் போகும். அது சுமார் 14,000 கிலோமீட்டர். ஒரே திசைக்கோணத்தை விடாமல் பிடித்துப் பசிபிக் மேலே போனால் 16,000ஐத் தாண்டும்.

பூமி தட்டையாக இருப்பதால், சரியாக அதன் மையத்திலிருந்து அளக்கும் புவிமைய அட்சரேகைக்கும் வரைபடத்தில் போடும் அட்சரேகைக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் 45 டிகிரியில்தான் அதிகம், சுமார் 11.6 நிமிடம். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் போதும். கன்வர்ஜென்சிக்கு (தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி ஒன்றையொன்று நெருங்கும் கோணம்) மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அதைத் தொடங்குமுன் ஒரு உருண்டையும் (பந்து கூடப் போதும்) நூலும் வாங்கிவைத்து, நூலை இழுத்துப் பிடித்து, அது ஒவ்வொரு தீர்க்கரேகையையும் வெட்டுகிற கோணம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அப்புறம் கன்வர்ஜென்சி சூத்திரத்தில் சைன் ஏன் வருகிறது என்பதில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், படம் வரைந்து போடுகிறேன்.