இவ்வளவு பெரிய அண்டத்தில் கடவுளுக்கு நாம் ஒரு பொருட்டா?

நமது பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். அதுபோல இன்னும் எத்தனையோ. இதில் மனிதனைக் கடவுள் ஏன் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இந்தப் பயம் எட்டு வயதில் வந்தது. இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீடு. போர்க்காலம், மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கையும் வெள்ளனவே அணைத்துவிடுவார்கள். முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் வானம் முழுக்க வெள்ளி. அதில் மங்கலாக ஒரு புகைத்திட்டு. அதன் பெயர் அந்திரோமீடா, அதன் வெளிச்சம் நம்மிடம் வர 25 இலட்சம் ஆண்டு ஆகிறது என்று பின்னாளில் படித்தபோது பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்புவிடம் அறுபது எழுபது மாடு இருந்தது. பகலெல்லாம் காட்டில் மேய்ந்துவிட்டுப் பொழுதுபடப் பட்டிக்கு வரும். அவர் கடப்படியில் சும்மா நிற்பார். திடீரென்று "சிவப்பியின்ர கண்டைக் காணேல்லை" என்று ரோச் லைட்டை எடுப்பார். எண்ணாமல் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணுறது வாங்க வாற யாவாரி. எனக்கென்னத்துக்கு?"

கூட்டம் பெருத்தால் ஒன்றின் பெறுமதி குறையும் என்பது யாவாரிக் கணக்கு. நமக்கு ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் கவனிக்க முடியாது. அதனால் கடவுளையும் கோப்புகள் குவிந்துபோன ஒரு அரசாங்கக் கச்சேரி அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறோம்.

திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேல் விரிந்தன என்கிறார். அப்புறம், வீட்டுக்குள் நுழைகிற வெயில் கதிரில் மிதக்கும் தூசி போல அவையெல்லாம் சிறுத்துப்போகும் அளவுக்கு இறைவன் பெரியவன் என்கிறார். எங்கள் கிடுகுக் கூரை ஓட்டையால் அந்தத் தூசியை எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். சரி, பால்வீதியே அவனுக்குத் தூசி என்றால், எனக்கும் அதற்கும் உள்ள பெரிது சிறிது அங்கே எடுபடுமா? நாம் அண்ணாந்து பார்ப்பதால்தான் அது பெரிது.

இதை எழுதும்போது 2009, போரின் கடைசி மாதங்கள், நினைவுக்கு வராமல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் ஏன் சும்மா இருந்தார் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அது வேறு கேள்வி. வானம் சுளகளவே இருந்திருந்தாலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். அப்புவும் சில இரவு வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வழியால் போகும்போது பார்ப்பேன். ஒவ்வொரு அம்மாவின் மடியிலும் ஒரு படம். சிலரிடம் இரண்டு மூன்று.