பட்டுப்பாவாடையும் சக்கர நாற்காலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் எடுத்தோம். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குக் கடைப்பையன் பட்டுப்பாவாடை கொண்டுவந்து தருவான், அவள் சிரிப்பாள். படப்பிடிப்பிலேயே அழுதுவிட்டோம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தோழி அதைப் பார்த்துவிட்டு, “வெட்கமாயில்லையா?” என்றாள். மாற்றுத்திறனாளிகளைக் காட்டாமலே இருப்பதற்கு இது மேல் இல்லையா? மாற்றுத்திறனாளிகளைப் படங்களில் காட்டும் விதம் பற்றிய 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகாவது சினிமா மாறுமா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

ஊனத்தைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது நல்ல விஷயம். அதைப் படித்து நம் சினிமா திருந்தும் என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். விடுங்கள்.

உங்கள் கண்ணீர் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் அழுததோடு அந்தப் பெண்ணின் வேலை முடிந்துபோயிற்று. அவள் என்ன நிறம் கேட்டாள்? விலை கட்டாது என்றாளா? எடுத்துப்போட்ட அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேற கடை பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினாளா? நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்வதுதானே? இவள் மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். (அந்தக் கடை வாசலில் எத்தனை படி என்று பார்த்தீர்களா? உங்கள் தோழி பார்த்திருப்பாள்.)

என் பெரியப்பாவுக்கு இளம்பிள்ளைவாதம். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் வருவார், போவார். ரேடியோ ரிப்பேர் கடை. கூடவே வட்டிக்கும் விடுவார். வாய் படுமோசம். ரேடியோவைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவருபவரை, “தட்டினா பாடறதுக்கு இது என்ன தவிலா?” என்பார். ஒரு பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவரை அதைக் கீழே வைக்கச் சொன்னார். வெளியே வந்து, கால் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்து, கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம். “வேலை செய்யறத எடு, இல்லேன்னா கெளம்பு” என்றார் பெரியப்பா. கட்டுரையில் ‘புன்னகை மாறாத முகம்’ என்று வந்தது. ஊரே சிரித்தது. அவரிடம் கடன் வாங்கியவர்கள் கூடுதலாகவே சிரித்தார்கள்.

இன்றைக்கும் அதே கதைதான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். அம்மா காய்கறி விற்றதும், ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியதும் ஊருக்கே மனப்பாடம். எவ்வளவு உயரம் தாண்டினார் என்று கேளுங்கள், விழிப்பார்கள். 1.89 மீட்டர். அடுத்த இருவரும் 1.86. மூன்று சென்டிமீட்டரில் தங்கம்! விளையாட்டுப் பக்கத்தில் அதையல்லவா எழுத வேண்டும்? எப்படி ஓடிவந்தார், எந்தக் காலை ஊன்றி எம்பினார், கடைசி முயற்சிகளில் யார் தடுமாறினார்கள்? அதை விட்டுவிட்டு நாமெல்லாம் காய்கறிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே ரியோ சமயத்தில் பிரிட்டனில் சேனல் 4இல் மால்டீசர்ஸ் சாக்லேட் விளம்பரம் ஒன்று வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் புதுக் காதலனோடு நடந்த கூத்தைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். தேடிப் பாருங்கள். அங்கே யாரும் அவளுக்கு எதையும் கொண்டுவந்து தரவில்லை.

காட்டாமலே இருப்பதற்கு மேலா என்று கேட்டிருந்தீர்கள். அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அடுத்த விளம்பரத்தை உங்கள் தோழியை எழுதச் சொல்லுங்கள். ஓசியில் அபிப்பிராயம் கேட்காமல், சம்பளம் கொடுத்து.